கிறீன் வைத்தியரும் சுகாதாரத் தமிழும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மக்கட் சுகாதாரச் செய்தியைத் தமிழிற் பரப்பும் முயற்சி கைத்தொலைபேசியுடன் தோன்றியதொன்றன்று. அதன் தொடக்கத்தை 19ஆம் நூற்றாண்டில், மானிப்பாயில் இயங்கிய அமெரிக்க மிசன் அச்சகத்திலே தேடுதல் பொருந்தும். அதற்கு முன்னர் இங்கு வைத்திய அறிவு இல்லாதிருந்தது என்பது கருத்தன்று. செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் ஆரியச்சக்கரவர்த்திகள் பெயரால் வழங்கியவை. ஆயின் அவை செய்யுளாயமைந்து ஏட்டிலே நின்றன. பரம்பரை வைத்தியருக்கே உரியனவாய் இருந்தன. பொதுமகனை நேரே விளித்து, உரைநடையில், பல பிரதிகளாகச் சென்றடையும் சுகாதார எழுத்து அச்சின் வருகையாலேயே இயல்வதாயிற்று. 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’ இவ்வகை எழுத்துக்கு ஏற்ற வாசகரை ஓரளவு உருவாக்கிவிட்டிருந்தது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரினரான அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ 25. அடுத்த ஆண்டிலிருந்து மானிப்பாய் அவரது பணிக்களமாயிற்று. சமயப் பணியே அவரை அனுப்பியோரின் முதல் நோக்கம் என்பதை மறைத்தல் தகாது. எனினும் வாந்திபேதி போன்ற கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் வந்த அக்காலத்தில், நோயாளியை மருத்துவமனைக்கு அழைப்பதோடு அமையாது, வீட்டிலிருப்போனுக்கு அறிவுறுத்தும் சிறு வெளியீடுகளையும் அவர் தமிழில் வெளிக்கொணர்ந்தார்.

அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர்தம் பாடநூல்களையே போற்றுவர். கற்றர் என்பாரின் நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என 1852இல் தமிழாயிற்று. ‘இரணவைத்தியம்’ 1867இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. இத்தலைப்புகளை இன்று வாசிக்கும் மாணவன் சற்றே மலைப்பான். ‘கெமிஸ்தம்’ என்பதைக் கேட்டு நகைக்கவுங்கூடும். ஆனால் அச்சொல்லிலே ஒரு கொள்கை உளது. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல் கிடைப்பின் அதனைக் கொள்ளல், இன்றேல் வடசொல்லை நாடல், அதுவும் அமையாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசையத் திரித்தல் என்பதே அது. தூய்மை பேணுதலினும் விளங்கச் செய்தல் அவருக்கு முதன்மையாய் இருந்தது.

1864இல் தமிழ்வழி மருத்துவக் கல்வியைத் தொடங்கியதற்கும் இதுவொத்த காரணமே இருந்தது. ஆங்கிலங் கற்றவன் அரசாங்கச் சம்பளத்தை நாடிக் குடாநாட்டை விட்டுச் செல்வான்; தமிழிற் கற்றவன் தன் ஊரிலே, தன் அயலாருக்கு வைத்தியம் பார்ப்பான் என அவர் எண்ணினார். ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வாயிலாயிருந்த அந்நாளில் இம்முடிவு மாணவருக்கு எளிதில் உவப்பாயிருந்திருக்காது. மருத்துவர் வெளிநாடு செல்வதையிட்டுக் கவலையுறும் இன்றைய நாம் அவர் கணிப்பைப் புறக்கணிக்க முடியாது.

ஆயினும் செய்தியின் வலிமை அதன் பின்னுள்ள அறிவின் எல்லையைக் கடவாது. வாந்திபேதி நீரினாற் பரவுகின்றதென ஜோன் ஸ்னோ இலண்டனில் 1854இல் காட்டியபோதும் மருத்துவ உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. நோய்க்கிருமியை றொபேட் கொக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884இல். அவ்வாண்டிலேயே கிறீன் தம் ஊரிற் காலமானார். குடிநீருக்குக் கிணற்றையே நம்பிய, சுண்ணக்கல் நிலத்தூடே கழிவு எளிதிற் கசியும் குடாநாட்டுக்கு இவ்வறிவு சில தசாப்தங்கள் முன்னரே வந்திருப்பின் எத்துணை உயிர்கள் எஞ்சியிருக்கும்!

இன்று அறிவுக்கும் செய்திக்கும் இடையிலான காலம் நாட்களாகச் சுருங்கிவிட்டது. ஆயின் அந்நாட்களே ஆபத்தாகவும் அமைகின்றன. 2024 நவம்பர் இறுதியில் பெருவெள்ளம் வடிந்தபின், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் உயிரிழப்புகள் நேர்ந்தன. அது எலிக்காய்ச்சல் என ஆய்வுகூடம் உறுதிசெய்யுமுன்னர் ‘மர்மக் காய்ச்சல்’ என்ற பெயர் பரவிவிட்டது. வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் வந்ததை உண்மையா பொய்யா எனத் தெரியாமலே நானும் ஒருவருக்கு அனுப்பினேன் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நோய் தெளிவானபின் செய்தி எளிதாயிற்று: வெள்ளநீர் தேங்கிய வயலில் இறங்குவோர் முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் மாத்திரை பெறுதல், காலிற் காயமிருப்பின் சேற்றைத் தவிர்த்தல், காய்ச்சல் கண்டதும் வைத்தியசாலைக்குச் செல்லல். கமக்காரருக்கு விளங்கிய சொற்கள் இவை. ‘லெப்ரோஸ்பைரோசிஸ்’ என்பதனை எலிக்காய்ச்சல் என்றே வழங்கியவர் எவரோ, அவர் கிறீனின் முதல் விதியையே, அறியாமலேனும், பின்பற்றியவராவார்.