வெண்கலம் ஏது உனக்கு?

1962 டிசம்பர் 1. மாஸ்கோவின் மனேஜ் கண்காட்சிக் கூடம். மாடியில் வைத்திருந்த நவீன ஓவியங்களைப் பார்க்கப் பார்க்க, குருஷ்சேவுக்குக் கோபம் தலைக்கேறியது. கழுதை வாலால் பூசினால்கூட இதைவிடத் தேவலாம் என்று கத்தினார். சோவியத் தலைவரே கத்தினால் யார் வாய் திறப்பார்? கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். நாட்டுக்கு நீங்கள் தலைவராக இருக்கலாம், என் சிற்பங்களின் முன்னால் நான்தான் தலைவன் என்ற பொருளில் பேசினார். சிற்பி எர்னஸ்ட் நெய்ஸ்வெஸ்த்னி.

குருஷ்சேவின் பரிவாரம் மடக்கியது: இவ்வளவு வெண்கலம் ஏது உனக்கு? திருடினாயா?

கேள்வி அற்பமாகத் தெரியலாம், மாட்டினால் சிறைதான். உலோகமெல்லாம் அரசின் கணக்கில் இருந்த நாடு அது. அரசு வேலை கிடைத்த சிற்பிக்குத்தான் வெண்கலம். தலைவர்களின் சிலை செய்ய மனமில்லாதவர் களிமண்ணோடு நிற்க வேண்டியதுதான். நெய்ஸ்வெஸ்த்னியோ காயலான் கடைகளில் பழைய தண்ணீர்க் குழாய்களை வாங்கி உருக்கினார். அதை அங்கேயே சொன்னார். மிரட்டினார்கள். எந்த நிமிடமும் சாகத் தயாரானவனை மிரட்டிப் பயனில்லை என்றார்.

வெறும் வீராப்பு இல்லை அது. ஒருமுறை செத்துப் பார்த்தவர்!

1925இல் உரால் மலைப் பகுதியில், இன்றைய எகாடெரின்பர்க்கில் பிறந்தவர். 17 வயதில் செஞ்சேனையில் தாமாகச் சேர்ந்து, பாராசூட் படைப் பிரிவில் போரிட்டார். 1945 ஏப்ரல் 22 அன்று ஆஸ்திரியாவில் மார்பில் குண்டு பாய்ந்தது, முதுகெலும்பு நொறுங்கியது. போர் முடிய மூன்று வாரம்கூட இல்லை. இறந்துவிட்டார் என்று வீட்டுக்குத் தகவல் போனது. மறைவுக்குப் பிந்தைய விருதாகச் ‘செந்நட்சத்திர’ப் பதக்கமும் அறிவித்தார்கள். அவரோ பிழைத்தெழுந்து, ரீகாவிலும் மாஸ்கோவிலும் சிற்பம் படித்தார்.

ஊர்ச் சதுக்கங்களில் அரசு நிறுத்திய சிப்பாய்களின் சட்டையில் ஒரு கசங்கல்கூட இருக்காது. இவர் வார்த்த சிப்பாயின் உடலில் துப்பாக்கி ஈட்டி இறங்கிக்கொண்டிருக்கும். சில உருவங்களில் சதை எங்கே முடிகிறது, இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த உடம்போடு எழுந்து வந்தவருக்குப் போர் வேறெப்படித் தெரியும்?

மனேஜ் வாக்குவாதத்தின் முடிவில் குருஷ்சேவ் தணிந்தார். உனக்குள் ஒரு தேவதையும் ஒரு சாத்தானும் இருக்கிறார்கள், சாத்தான் ஜெயித்தால் நசுக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டே ஆண்டுகளில் அவர் பதவியே போயிற்று. 1971இல் இறந்தார். கல்லறைச் சின்னம் செய்யச் சொல்லி அவருடைய மகன் செர்கேய் தேடிப்போனது, யாரிடம் தெரியுமா? இதே நெய்ஸ்வெஸ்த்னியிடம்!

அவரும் ஒப்புக்கொண்டார். வெள்ளைப் பளிங்கும் கறுப்புக் கிரானைட்டும் ஒன்றையொன்று கவ்வி நிற்க, நடுவே குருஷ்சேவின் வெண்கலத் தலை. அதிகாரிகள் அனுமதி தராமல் இழுத்தடித்தார்கள். பிரதமர் கோசிகினிடம் குருஷ்சேவின் மனைவி நீனாவே முறையிட்ட பிறகுதான் வழி பிறந்தது. 1975இல் நோவதேவிச்சி கல்லறைத் தோட்டத்தில் சின்னம் எழுந்தது.

அடுத்த ஆண்டே நெய்ஸ்வெஸ்த்னி நாட்டைவிட்டு வெளியேறினார். அந்தக் கதை அடுத்த வாரம்.