வெலிங்டன் டூ ஜகார்த்தா: கோல் அடிக்க வந்து கோல் கீப்பர் ஆன ராணுவ வீரர்! யார் இந்த பீட்டர் தங்கராஜ்?

ஊட்டி மலை ரயிலில் குன்னூரைத் தாண்டினால் அடுத்து வரும் ஸ்டேஷன் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கும் ராணுவ ஊர். 1950களில் இந்த மையத்தின் கால்பந்து அணி, இந்தியாவின் பெரிய பெரிய கிளப்களையே ஓரங்கட்டியது. அந்த அணியில் இருந்து வந்தவர்தான் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் எனப் பெயரெடுத்த பீட்டர் தங்கராஜ்.

ஆரம்பம் எங்கே?

தங்கராஜ் வளர்ந்தது ஹைதராபாத் பக்கம். செகந்திராபாத்தில் உள்ளூர் கிளப்களில் விளையாடியவர், 1953ல் ராணுவத்தில் சேர்ந்தார். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர், அதாவது எம்.ஆர்.சி. அணியில் இடம் கிடைத்தது.

இங்கேதான் ட்விஸ்ட். அவர் முதலில் ஆடியது கோல் கம்பத்துக்கு முன்னால் இல்லை. சென்டர் ஃபார்வர்ட், அதாவது கோல் அடிக்க வேண்டிய ஆள். பிறகுதான் கோல் கீப்பராக மாறினார். நல்ல உயரம், நீளமான கை. மேலே வரும் பந்தைப் பறிக்க இதைவிட என்ன வேண்டும்?

எம்.ஆர்.சி. அப்படி என்ன சாதித்தது?

1888ல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை, ஆசியாவின் மிகப் பழமையான கால்பந்துத் தொடர். 1950 முதல் 1958 வரை அதை வென்றவர்கள் பட்டியலைப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், ஹைதராபாத் போலீஸ். இந்த மூன்றைத் தவிர கோப்பையைத் தூக்கிய ஒரே அணி எம்.ஆர்.சி. அதுவும் ஒரு முறை அல்ல, 1955, 1958 என இரண்டு முறை. இரண்டு வெற்றியிலும் தங்கராஜுக்குப் பங்கு உண்டு.

அதோடு, சர்வீசஸ் அணி 1960ல் முதல் முறையாக சந்தோஷ் டிராபியை வென்றபோது கேப்டனும் இவரே.

இந்திய அணியில்...

* 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இடம். மெல்போர்னில் இந்தியாவுக்கு 4வது இடம்.
* 1958, 1962, 1966 என மூன்று ஆசிய விளையாட்டுப் போட்டிகள்.
* 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் இடம்.
* 1958ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பராகத் தேர்வு.
* 1967ல் அர்ஜுனா விருது.

மறக்க முடியாத ஜகார்த்தா ஃபைனல்

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. தங்கராஜுக்குக் காய்ச்சல். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை இந்தியா 3-2 என வென்றபோது கோல் கம்பத்தில் நின்றவர் பிரத்யுத் பர்மன். ஃபைனலில் எதிரணி தென் கொரியா. முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 எனத் தோற்கடித்த அதே அணி!

அந்தப் பெரிய ஆட்டத்துக்கு, உடம்பு தேறிவந்த தங்கராஜை இறக்கினார் பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம். தலையில் தையலோடு இருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை ஃபார்வர்டாக ஆடவிட்டார். ஒருபக்கம் ஃபார்வர்டாக இருந்து கீப்பர் ஆனவர், இன்னொரு பக்கம் டிஃபெண்டராக இருந்து ஃபார்வர்ட் ஆனவர்!

அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். ஆனாலும் பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பி அடித்தது, அவ்வளவுதான். 2-1. இந்தியாவுக்குத் தங்கம்!

அதன் பிறகு?

ராணுவத்துக்குப் பிறகு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். ஓய்வுக்குப் பின் பயிற்சியாளரானார். 2008 நவம்பர் 24ல் பொகாரோவில் காலமானார்.

ஜகார்த்தா அணியின் கதை 2024ல் 'மைதான்' என்ற இந்திப் படமாக வந்தபோது, தங்கராஜ் பெயர் மறுபடியும் பேசப்பட்டது. ஆனால் அந்தத் தங்கத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா இன்னொரு தங்கம் வெல்லவில்லை. 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவும் இல்லை. அடுத்த முறை மலை ரயில் வெலிங்டனில் நிற்கும்போது, அங்கிருந்த அணியில் ஆடிய இந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.