மங்களூர்த் துறைத் தாக்குதல் (1780)

இரண்டாம் மைசூர்ப் போரின்போது, 1780 டிசம்பரில் அட்மிரல் எட்வர்டு ஹியூஸ் தலைமையில் வந்த பிரித்தானியக் கப்பற்படை, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் கப்பல்களை அவருடைய துறைமுகத்திலேயே அழித்த நிகழ்ச்சி மங்களூர்த் துறைத் தாக்குதல் எனப்படும்.

கோலார் தங்கவயலுக்கு அருகே, கடலுக்கு வெகுதொலைவில் உள்ள பூதிகோட்டையில் பிறந்த ஹைதர், 1763இல் பெதனூர் அரசை வென்று மங்களூரைக் கைக்கொண்ட பின் அங்கே கப்பல் கட்டும் தளம் அமைத்தார். ஆழங்குறைந்த கரையோரத்திலும் செல்லவல்ல குராப் என்னும் பாய்மரக் கப்பல்களும், பாயோடு துடுப்பாலும் செலுத்தப்பட்ட காலிவட் படகுகளும் அவருடைய கப்பற்படையில் இருந்தன. ஆயினும் 1768இல் பம்பாயிலிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை வந்தபோது, குதிரைப்படை அதிகாரி ஒருவர் தங்களுக்குத் தலைவராக்கப்பட்டதில் மனங்கசந்திருந்த கப்பல் தலைவர்கள் கப்பல்களோடு எதிரியிடம் சேர்ந்துவிட்டனர். குதிரைப்படையின் முறை கடலுக்கும் பொருந்தும் என்று எண்ணியது ஹைதர் செய்த பெரும் பிழையாகும். மங்களூரை அவ்வாண்டே மீட்ட அவர், கப்பற்படையை மறுபடி தொடக்கத்திலிருந்து உருவாக்க வேண்டியதாயிற்று.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதரின் படை கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்களுக்கு ஒதுங்கிடம் இல்லாமையால், ஹியூஸ் பழுதுபார்க்கும் வசதியுள்ள பம்பாய்க்குச் செல்லும் வழியில் மங்களூரை அடைந்தார். நேத்திராவதியும் குருபுரா ஆறும் கூடும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்ததால் பெருங்கப்பல்கள் கரையை நெருங்க இயலவில்லை. எனவே ஆயுதமேந்திய வீரர்கள் படகுகளில் அனுப்பப்பட்டு, ஹைதரின் போர்க்கப்பல்கள் இரண்டை எரித்து, சிறு கலங்கள் சிலவற்றைப் பிடித்தும் அழித்தும் மீண்டனர்.

கடலிலிருந்து நடத்தப்படும் தாக்குதல் போரையே முடித்துவிடுவதும் உண்டு; எடுத்துக்காட்டாக, 1864இல் பிரிட்டன், பிரான்சு, நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டுக் கப்பல்கள் ஜப்பானின் சிமோனோசெக்கி நீரிணையில் சோசூ பகுதியின் கரைப் பீரங்கிகளைக் கைப்பற்றியதோடு அங்கே சண்டை ஓய்ந்து உடன்பாடு பிறந்தது. மங்களூரில் அவ்வாறு நிகழவில்லை. ஹைதரின் நிலப்போர் தளராமல் தொடர்ந்தது. ஆனால் சென்னைக்குக் கடல்வழியே வந்த அரிசியையும் படையையும் தடுக்க அவரிடம் கப்பல் இல்லாமற்போகவே, 1782இல் வந்த பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பற்படையையே அவர் முழுதும் நம்ப நேர்ந்தது. தாக்குதலின் உண்மையான விளைவு எரிந்த கப்பல்களின் எண்ணிக்கையில் அன்று, இந்தச் சார்புநிலையிலேயே காணப்பட வேண்டும்.

ஹைதர் 1782 டிசம்பரில் மறைந்தார். அவர் மகன் திப்பு சுல்தான் 1796இல் 40 போர்க்கப்பல்கள் கட்ட ஆணையிட்டு, அதற்குரிய தளங்களுள் ஒன்றாக மங்களூரையும் குறித்தார். அப்படை போருக்கு இறங்கும் முன்பே, 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது.