விளையாட்டைப் பிடித்து வைத்த கதை

கணினி விளையாட்டை ஏன் வீடியோவாகப் பிடிக்கிறார்கள் என்று என்னைக் கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் சரித்திரம்.

1996 இல் 'குவேக்' விளையாட்டில் பதிவானது படமே அல்ல. யார் எங்கே நின்றார், எந்தப் பக்கம் திரும்பினார் என்ற கணக்குத்தான். கோப்பு சின்னது. ஆனால் திரும்பப் பார்க்க அதே விளையாட்டு வேண்டும்.

1999 இல் வேகம் அளக்க வந்த 'ஃபிராப்ஸ்' பிறகு திரையையே பிடிக்கத் தொடங்கியது. இலவசப் பதிப்பில் 30 செக்கன் மட்டும். காசு கட்டினால் வன்தட்டையே விழுங்கும். 2012 இல் வந்த 'ஓபிஎஸ்' இலவசம், பிடிக்கும்போதே சுருக்கிவிடும். என்னைக் கேட்டால் அதையே பாவியுங்கள், எம்.கே.வி கோப்பாகச் சேமியுங்கள். இடையில் கணினி நின்றாலும் அதுவரை பிடித்தது மிஞ்சும். சாதாரண எம்.பி.4 என்றால் முழுதும் போகலாம்.

இது வெறும் சின்னப்பிள்ளை வேலையில்லை. லண்டன் விக்ரோறியா அன்ட் அல்பேர்ட் மியூசியமே 2018 இல் வீடியோ விளையாட்டுகளுக்குக் கண்காட்சி வைத்தது. 2017 மார்ச்சில் 'கிளப் பென்குவின்' மூடப்பட்டபோது பிள்ளைகள் அலங்கரித்த பனிவீடுகளும் போயின. பிடித்து வைத்தவர்களிடம் படமாவது மிஞ்சியது.

கலியாண ஆல்பத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்த எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.