வடம் பிடிக்கும் அந்நியர்கள்

முன்பின் அறியாத நால்வர் கைபேசித் திரையில் ஓர் அணியாகச் சேர்கின்றனர். சற்று நேரம் ஆடுகின்றனர். தோற்றவுடன் ஒருவரையொருவர் வசைபாடிப் பிரிகின்றனர். நம் மாணவர்களிடையே அன்றாடம் காணும் காட்சி இது. அந்நியரோடு அணிசேர்வது இத்தலைமுறைக்கே வாய்த்த புதுமை என்று பலரும் எண்ணுகின்றனர். திருவரங்கத்துச் சித்திரை வீதியில் தேரோட்டத்தன்று நின்று பார்த்தால் அவ்வெண்ணம் மாறும்.

1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைச் சூறையாடியது. ஊர் ஊராய் அலைந்த அரங்கனின் உற்சவத் திருமேனி 1371-இல்தான் கோயிலுக்குத் திரும்பியது. 1383-இல் விஜயநகர அரசகுலத்தைச் சேர்ந்த விருப்பண்ண உடையார் சித்திரைத் திருவிழாவை நிறுவினார். அதனால் அது இன்றும் விருப்பன் திருநாள் எனப்படுகிறது. இதற்கென அவர் 52 ஊர்களை வழங்கியதாகக் கோயில் மரபு கூறுகிறது. சிதைந்த கோயிலையும் சுற்றுப்புற ஊர்களையும் மீண்டும் பிணைத்த கயிறுகளுள் தேர்வடமும் ஒன்று என்றே நாம் கருதுகிறோம். இன்றும் சித்திரைத் தேருக்குத் தானியக் காணிக்கையோடு வருவோரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களே.

வடத்தைப் பற்றும் ஒருவருக்கு முன்னால் நிற்பவர் இன்னார் என்று தெரியாது. பின்னால் வரும் தேரையும் அவரால் நன்கு பார்க்க இயலாது. மேளம், சங்கு, சீழ்க்கை, கையசைவு ஆகியவையே அங்கு மொழி. இழு, நிறுத்து, தளர்த்து என்பதற்கு மேல் சொல் தேவைப்படுவதில்லை. சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்போரின் வேலையோ உயிரைப் பணயம் வைப்பது. திருப்புவதற்குத் தனிக்கருவி இல்லாத மரபுத் தேரில், கட்டையை உரிய சாய்வில் கொடுத்தே திசையை மாற்றுவர். அவர் குரல் வடம் பிடித்தவரை எட்டாவிட்டால் நேர்வது விபத்து. திருச்சி பெல் ஆலை திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் தடைக்கருவியும் செய்தளித்த பின்னரும் முட்டுக்கட்டைக்கு அங்கு வேலை தீரவில்லை.

பேச்சுவழக்கில் நாம் ‘முட்டுக்கட்டை’ என்பதைத் தடை என்னும் பழிச்சொல்லாக்கிவிட்டோம். தேரடியிலோ அது காக்கும் கட்டை. ‘பொறு’ என்று உரிய நேரத்தில் சொல்லும் தோழமை.

எனினும் ஊர்கூடித் தேரிழுத்தல் என்றும் இனிதாகவே நடந்தது என்று கூறுவது வரலாறாகாது. வடத்தைத் தொடும் உரிமையே பலருக்கு மறுக்கப்பட்டதுண்டு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் 1998-இல் முற்றிய அப்பிணக்கால் தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. 2024 சூனில் அது மீண்டும் ஓடியது. ஒருவரை விலக்கிய கயிறு எவரையும் இழுத்துச் செல்லவில்லை.

2019-இல் வெளிவந்த ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ என்னும் விளையாட்டு, ஒரு பொத்தானை அழுத்தினாலே ‘இங்கே பகை’, ‘அங்கே செல்வோம்’ என்று அணியினருக்கு உணர்த்தும் முறையால் பாராட்டுப் பெற்றது. குறிப்பு சுருங்கியது, வசைக்கு இடமும் சுருங்கியது. சீழ்க்கையும் கையசைவும் தேரடியில் செய்துவரும் வேலை இதுவே. அறியாதவரோடு சேர்ந்து ஒன்றைச் செய்ய அவரை அறிந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கும் வடத்தில் இடமுண்டு என்று ஒப்புக்கொண்டால் போதும். தேர் நிலைக்கு வந்ததும் வடத்தை விட்டுவிட்டு, பெயர்கூடக் கேளாமல் பிரிந்து செல்கின்றனர், பகையின்றிப் பிரிகின்றனர்.