தரைக்கடியில் ஓடிய வெப்பம்: ஹம்மாம்கள் காத்த ஒரு கலை

அரபு மொழியில் 'ஹம்மாம்' என்னும் சொல் வெப்பத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. அதே வேரிலிருந்து வந்த 'ஹும்மா' காய்ச்சலைக் குறிக்கும். திருக்குர்ஆனில் பயின்று வரும் 'ஹமீம்' என்னும் சொல், ஓரிடத்தில் கொதிநீரையும் பிறிதோரிடத்தில் உற்ற நண்பனையும் சுட்டுகிறது. ஆகவே ஹம்மாம் என்பதற்கு, குளிக்கும் இடம் என்பதற்கு முன்னரே, வெப்பமூட்டப்பட்ட இடம் என்னும் பொருள் உண்டு. அவ்வெப்பத்தைத் தரும் நெருப்போ குளிப்பவர் கண்ணில் படுவதில்லை. அவர் நிற்கும் கல்தளத்திற்குக் கீழே அது மறைந்திருந்தது.

இன்று குளிர்நாடுகளில் வீட்டைப் புதுப்பிப்போரும் கூடுதல் அறை கட்டுவோரும் பழைய தளத்தைப் பெயர்த்து, அதனடியில் வெந்நீர்க் குழாய்களைப் பதித்து, மேலே புதுத்தளம் இடுகின்றனர். இதை அண்மைக்கால வசதியென்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் இக்கலையின் வயது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்நெடிய காலத்தின் இடைப்பகுதியில் இது அழியாமல் காக்கப்பட்டது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இது முஸ்லிம்கள் கண்டறிந்த கலை அன்று. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ் தம் நூலில் இதன் அமைப்பை விளக்கியுள்ளார். எட்டு அங்குலச் செங்கற்களை இரண்டடி உயரத்திற்குத் தூண்களாக அடுக்கி, அவற்றின் மீது இரண்டடிச் சதுர ஓடுகளைப் பரப்பி, அதன்மேல் தளம் அமைக்க வேண்டும். கீழ்த்தளமோ அடுப்பை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு பந்தை எறிந்தால் அது தானே உருண்டு அடுப்பின் வாய்க்குத் திரும்பும் அளவிற்குச் சரிவு தேவை. அப்போதுதான் தீக்கொழுந்து தளத்தின் அடியெங்கும் எளிதில் பரவும். கொரியர்களும் 'ஒண்டோல்' என்னும் பெயரில் தம் வீடுகளின் தரைக்கடியில் அடுப்புப் புகையைச் செலுத்தி வந்துள்ளனர். ஆக, முதன்மைக்கு உரிமை கொண்டாட நமக்கு இடமில்லை.

எனினும், கண்டறிந்தவர் கையிலேயே எக்கலையும் நிலைத்துவிடுவதில்லை. உரோமப் பேரரசு வீழ்ந்தபின் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இம்முறை வழக்கொழிந்தது. ஷாம் தேசத்திலோ அது உமய்யாக்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அம்மானுக்குக் கிழக்கே பாலை நிலத்தில் நிற்கும் குஸைர் அம்ரா, பின்னாளில் கலீஃபாவான வலீத் பின் யஸீத் இளவரசராயிருந்த காலத்தில் எழுப்பியது. அதன் சுவரோவியங்களையும், வெந்நீர் அறையின் குவிமாடத்தில் தீட்டப்பட்ட விண்மீன் மண்டலத்தையும் பலர் வியந்து எழுதியுள்ளனர். அந்த அறையின் தரைக்கடியில் இருந்த தூண்களையும் வெற்றிடத்தையும் எண்ணிப் பார்த்தவர் குறைவு. எரீஹாவுக்கு அருகிலுள்ள கிர்பத்துல் மஃப்ஜர் மாளிகையின் குளியலகத்திலும் இவ்வமைப்பே காணப்படுகிறது. 749ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் அம்மாளிகை இடிந்தது. 1930களிலும் 1940களிலும் நடந்த அகழாய்வில் அது மீண்டும் வெளிப்பட்டது.

மாளிகைகளோடு நின்றிருந்தால் இக்கலை அவற்றோடே மண்ணுள் போயிருக்கும். அதை ஊர்தோறும் பரப்பிய காரணங்கள் மூன்று. முதலாவது தேவை. கடமையான குஸ்லுக்கு வெந்நீர் நிபந்தனையன்று. ஆயினும் பனிக்காலத்தில் உடல் முழுதும் நனைய வேண்டியவர்க்கு வெதுவெதுப்பான அறை பேருதவியாயிற்று. இரண்டாவது வக்ஃபு. ஹம்மாமின் வருவாய் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் எழுதி வைக்கப்பட்டது. இஸ்தான்பூலின் செம்பர்லிதாஷ் ஹம்மாம் இதற்கு நல்ல சான்று. நூர்பானு சுல்தான் உஸ்குதாரில் நிறுவிய அறநிலையங்களுக்கு வருவாய் கிடைக்கவென 1584இல் அது கட்டப்பட்டது. வருவாய் நிற்கக் கூடாதெனில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அடுப்பு எரிய வேண்டுமெனில் தரையடி வழிகள் பழுதின்றி இருக்க வேண்டும். பராமரிப்புக்கு இதனினும் உறுதியான ஏற்பாடு வேறில்லை.

மூன்றாவது சிக்கனம். மரம் அரிதான நகரங்களில் உலர்ந்த சாணமும் மரத்தூளும் குப்பையுமே எரிபொருளாயின. ஒரே நெருப்பு செப்புக் கொப்பரையிலுள்ள நீரைக் காய்ச்சி, பின் தரையின் கீழ் ஓடி, சுவரினுள் பதித்த குழாய்கள் வழியே புகையாய் வெளியேறியது. கெய்ரோவில் ஹம்மாம் அடுப்பின் தணலில் இரவெல்லாம் வெந்த மொச்சையே காலை உணவாயிற்று. மராகிஷ் நகரில் 'தன்ஜியா' என்னும் இறைச்சி உணவு அதே சாம்பலில் புதைத்துச் சமைக்கப்பட்டது. உஸ்மானியர் அத்தரையடி வெற்றிடத்திற்கு இட்ட பெயர் 'ஜெஹன்னம்லிக்'. நரகத்திற்குரிய இடம் என்பது பொருள். மௌலானா ரூமியும் தம் மஸ்னவியில் உலக ஆசையை ஹம்மாமின் அடுப்பறைக்கு உவமையாக்கியுள்ளார்.

தேவையும் அமைப்பும் பறிக்கப்பட்டால் கலைக்கு என்ன நேரும் என்பதை அந்தலுஸ் உணர்த்துகிறது. கர்னாத்தாவில் இத்தகைய குளியலகங்கள் பல இருந்தன. 1567இல் இரண்டாம் ஃபிலிப்பின் ஆணை மொரிஸ்கோக்களின் அரபு மொழியையும் உடையையும் குளியலகங்களையும் தடை செய்தது. தரையடியில் நெருப்பு மூட்டத் தெரிந்தவர்கள் அன்றும் அங்கிருந்தனர்; மூட்டும் உரிமைதான் பறிபோயிற்று. மன்னரின் உடைமையாகிவிட்ட அல்ஹம்ராவின் குளியலகம் தப்பியது. மக்களுடையவற்றில் மிகச் சிலவே எஞ்சின.

ஹம்மாம்களுக்கு அப்பால், வீடுகளிலும் இம்முறை வாழ்ந்தது. ஆப்கானியரின் 'தாவாகானா'வில் சமையலடுப்பின் புகை, கற்பலகைகள் பாவிய தரையின் கீழாக அடுத்த அறைக்குச் சென்று, அதனைச் சூடாக்கிய பின்னரே வெளியேறும். சமைத்த நெருப்பே குளிருக்கும் காப்பாயிற்று.

நம் துணைக்கண்டத்தில் இதற்குச் சிறந்த சான்று இலாகூரில் உள்ளது. முகலாய ஆளுநர் வஸீர் கான் 1635இல் அங்கு எழுப்பிய ஷாஹி ஹம்மாம் பிற்காலத்தில் பள்ளிக்கூடமாகவும் மருந்தகமாகவும் அலுவலகமாகவும் பயன்பட்டது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பழைய தளம் மேலும் மறைந்தது. 2013 முதல் 2015 வரை ஆகா கான் கலாச்சார அறக்கட்டளையும் இலாகூர் மதிலக நகர ஆணையமும் மேற்கொண்ட பணியில் தரையை அகழ்ந்தபோது, வெப்பமூட்டும் வழிகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. 2016இல் அப்பணி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது.

இன்றைய வீட்டில் தூண்களுக்கும் புகைக்கும் இடமில்லை. கீழே வெப்பக் காப்புப் பலகை, அதன்மேல் நெகிழிக் குழாய்கள், அவற்றில் நாற்பது பாகை அளவிலான நீர், மேலே சாந்துத்தளம் என அமைப்பு மாறிவிட்டது. மக்கள் புழங்கும் இடத்தில் தரையின் வெப்பம் 29 பாகையைத் தாண்டலாகாது என ஐரோப்பிய விதி வரையறுக்கிறது. பொருள்கள் மாறினும், தரை முழுதும் மெல்லச் சூடாகி அங்கிருந்து வெப்பம் மேலெழ வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பொறுப்பேற்றோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. முன்னோரின் அறிவு குவிமாடத்திலும் மினாராவிலும் மட்டும் தங்கியிருக்கவில்லை. பளபளக்கும் புதுக் கற்களைப் பதிக்குமுன், பழைய தளத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று அறிந்தவரைக் கொண்டு ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று. இலாகூரில் அதைப் பார்க்க ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஆயின.