ஊதிய நேரக் கணக்கீடு (ஷிப்ட் முறை)

ஊதிய நேரக் கணக்கீடு என்பது, ஒரு தொழிலாளி பணியிடத்தில் இருந்த மொத்த நேரத்திலிருந்து ஊதியமில்லாத இடைவேளைகளைக் கழித்து, கூலிக்குரிய நேரத்தைக் காண்பதாகும். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களிலும், உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் வட்டாரங்களிலுள்ள நூற்பாலைகளிலும் கூலி பரவலாக ஷிப்ட் அடிப்படையில் பேசப்படுகிறது. எந்த இடைவேளை கழிக்கப்படுகிறது என்பது தொழிலாளியின் வாரச் சம்பளத்தை நேரடியாகப் பாதிக்கும்.

ஷிப்ட் வழக்கம்

திருப்பூரில் 8 மணி நேர வேலை ஒரு ஷிப்ட் எனப்படுகிறது. காலையில் தொடங்கி இரவு வரை நீளும் வேலை நாள் ஒன்றரை ஷிப்ட் எனக் கணக்கிடப்படுவது வழக்கம். நூற்பாலைகளில் மூன்று ஷிப்டுகள் சேர்ந்து 24 மணி நேரத்தை நிரப்புவதால், உணவு இடைவேளை ஷிப்டுக்குள்ளேயே அமைகிறது. ஷிப்டுக்கு இவ்வளவு என ஒரே கூலி பேசப்பட்டிருந்தால் அந்த இடைவேளையைக் கழிக்கும் தேவை எழாது.

சட்டம்

தொழிற்சாலைகள் சட்டம், 1948 நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. குறைந்தது அரை மணி ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், இடைவேளைகளையும் சேர்த்து வேலை நாள் 10½ மணிக்கு மேல் நீளலாகாது என்றும் அது விதித்தது. விலக்குகளும் அச்சட்டத்தில் இருந்தன. மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி தரப்பட வேண்டும்.

12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்ததால் அது திரும்பப் பெறப்படுவதாக மே 1 அன்று அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று, 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்தது. இதன்படி நாள் வரம்பு 8 மணி. மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் இசைவு தேவை. இருமடங்கு கூலி தொடர்கிறது. இடைவேளைகளை உரிய அரசு அறிவிக்கும்.

கணக்கிடும் முறை

1. முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழிக்கவும். நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டாயின் முடிவு நேரத்துடன் 24ஐக் கூட்டவும். இரவு 10 முதல் காலை 6 வரை எனில் 30 - 22 = 8 மணி.
2. ஊதியமில்லாத இடைவேளைகளை மட்டும் கழிக்கவும்.
3. நிமிடங்களை 60ஆல் வகுத்துத் தசமமாக்கவும். 10 மணி 30 நிமிடம் என்பது 10.5 ஆகும்; 10.30 அன்று.
4. 8 மணிக்கு மேற்பட்டதைத் தனியே பிரித்து இருமடங்காக்கவும்.

எடுத்துக்காட்டு

ஒரு ஷிப்டுக்குக் கூலி 480 ரூபாய் எனக் கொள்வோம். மணிக்கு 60 ரூபாய். வேலை காலை 8.30 முதல் இரவு 8.30 வரை, அதாவது 12 மணி. உணவுக்கு 1 மணியும், இருமுறை தேநீருக்குத் தலா 15 நிமிடமும் இடைவேளை.

* இடைவேளை அனைத்தும் கழிக்கப்பட்டால்: 10.5 மணி. கூலி 480 + (2.5 × 120) = 780 ரூபாய்.
* உணவு இடைவேளை மட்டும் கழிக்கப்பட்டால்: 11 மணி. கூலி 480 + (3 × 120) = 840 ரூபாய்.
* ஒன்றரை ஷிப்ட் எனக் கணக்கிட்டால்: 480 × 1.5 = 720 ரூபாய்.

மிகைநேரம் உள்ள நாளில் அரை மணி இடைவேளையைக் கழிப்பது ஒரு மணி நேரக் கூலியைக் குறைக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஒன்றரை ஷிப்ட் முறையில் இருமடங்கு வீதம் இடம்பெறாததால், அனைத்து இடைவேளைகளையும் கழித்த கணக்கைவிடவும் 60 ரூபாய் குறைகிறது. ஆறு நாள் இவ்வாறு வேலை செய்தால் வேறுபாடு 360 ரூபாய்.

எது இடைவேளை?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 30ஆம் உடன்படிக்கை, தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரத்தையே வேலை நேரம் என வரையறுக்கிறது. இது வணிக நிலையங்களுக்கும் அலுவலகங்களுக்குமான உடன்படிக்கை எனினும், இவ்வளவுகோல் பிற இடங்களுக்கும் பயன்படும். அமெரிக்க விதிகளின்படி 20 நிமிடம் வரையிலான சிற்றிடைவேளை ஊதிய நேரத்தில் சேரும். இவ்வளவுகோலின்படி, இயந்திரத்தைக் கவனித்தபடியே உணவருந்தும் நேரம் ஓய்வாகாது. அதைக் கழிப்பது முறையன்று. எனவே வருகைப் பதிவில் உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம் ஆகியவற்றுடன், உண்மையில் ஓய்வு கிடைத்த நேரமும் குறிக்கப்படுவது அவசியம்.